இரும்புக்கால் பெரில்

பெக்ஃபீல்டு, நார்ஃபோக்
1986 ஜூன் 9

இரும்புக்கால் பெரில் அம்மாளுக்கு,

கிளிஃபர்டு டாக் எழுதிக்கிறேன். அதான், நம்ம பிரஷ் ஃபேக்டரியில ஃபிட்டரா இருந்தவன். செத்துட்டேன்னு நெனச்சிருந்தா மன்னிச்சுக்கோ, இன்னும் இல்ல. கால் கட்டைவிரல்ல வாதம் வந்து வீங்கியிருக்கு. மத்தபடி எழுபத்திநாலு வயசுக்கு என்னைக் கண்ணாடியில பாத்தா எனக்கே பொறாமையா இருக்கு.

விஷயத்துக்கு வரேன். ஃபேக்டரிய மூடினப்ப, பழைய இரும்புக்காரன் லாரியில ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு மிஷினைக் கேட்டு எடுத்துக்கிட்டேன். எந்த மிஷின்னு சொல்லு பாப்போம்? உன்னோடதுதான், பதினாலாம் நம்பர். பிரஷ் கட்டையில முடி சொருகத் துளை போடுறதைத் தவிர அதுக்கு உலகத்துல வேற ஒண்ணும் தெரியாது. ஆறு வருஷம் கோழிக்கொட்டகையில சாக்கைப் போத்திக்கிட்டுக் கிடந்துச்சு. போன குளிர்காலத்துல எனக்குப் பொழுது போகல. பழைய ஃபேக்டரி பெல்ட்டைக் கழட்டிட்டு, மண்டையப் போட்ட வாஷிங் மிஷினோட மோட்டாரைக் கட்டிவிட்டேன். வீட்டு பிளக்குல சொருகினா கன்னுக்குட்டி மாதிரி துள்ளுது.

இப்ப மரவேலைதான் எனக்குப் பொழுதுபோக்கு. "மூணு வாத்து" பப்புல கிரிபேஜ் சீட்டாட்டப் போட்டி வைக்கிறாங்க. புள்ளி கணக்கு வைக்க ஆளுக்கு அறுபது துளை போட்ட பலகை வேணுமே, குச்சிய நகத்தி நகத்தி வைக்க. பன்னிரண்டு பலகை நான் செஞ்சு தரேன்னு வாய விட்டுட்டேன். துளைன்னா நம்ம மிஷின்தானே! மொதப் பலகைய முடிச்சுக் குச்சிய நட்டுப் பாத்தா, பப்பை மூடினதும் வெளிய வர்ற ஆளுங்க மாதிரி ஒண்ணு இந்தப் பக்கம் சாயுது, ஒண்ணு அந்தப் பக்கம் சாயுது. பாதிரியார் பாத்துட்டு, "என்ன கிளிஃப், முள்ளம்பன்னி வளக்குறியா?"ன்னு கேட்டாரு.

இந்த மிஷினோட குணம் தெரிஞ்ச ஆளு நீ ஒருத்திதான். சொல்லு, என்ன செய்யணும்?

உன் ஞாபகமா, அந்தக் கிழிஞ்ச கருங்காலிக் கட்டை இங்க கொட்டகைச் சுவத்துல தொங்குது. மேஸ்திரி சேயர் கேன்டீன் வாசல்ல கட்டித் தொங்கவிட்டாரே, அதேதான். விட்டுட்டு வர மனசு வரல. பாக்குறப்பல்லாம் சிரிச்சுக்குவேன்.

உன் பழைய
கிளிஃப்

*

கிரிம்ஸ்பி
1986 ஜூன் 13

திரு. டாக் அவர்களுக்கு,

உறையின் மேலும் அதே பெயரை எழுதியிருக்கிறீர்கள். தபால்காரர் கதவைத் தட்டி, "இரும்புக்கால் அம்மா இங்கதானா?" என்று கேட்டார். என் தங்கை ஹில்டா வெளியே வந்து என் கால்களைக் குனிந்து பார்த்தாள். இந்த ஊரில் யாருக்கும் தெரியாத பெயர் அது. அதற்காகத்தான் இந்த ஊருக்கு வந்தேன்.

உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு அந்த நாள் அப்படியே நினைவிருக்கிறது. 1969 செப்டம்பர். லண்டன் கடை ஒன்றுக்கு முந்நூறு தலைவாரும் பிரஷ், கருங்காலியில். காலையில் போட்டதெல்லாம் சரியாக வந்தது. மத்தியானத்துக்கு மேல் துளை ஒவ்வொன்றும் மறுபக்கம் கிழித்துக்கொண்டு வந்தது. மிஷினில் ஏதோ நகர்கிறது என்று சேயரிடம் சொன்னேன். அவர் உங்களைக் கூப்பிட்டுக் கேட்டார். நீங்கள் அத்தனை பேர் முன்னால், "மிஷின் கடிகாரம் மாதிரி ஓடுது சார். பெரிலுக்குத்தான் இரும்புக் கால், பெடலை மிதிச்சா சீனாவுக்கே துளை போயிடும்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். பதினெட்டு வருடம் அந்த மிஷினில் நின்றவளை அன்றே பெட்டி கட்டும் அறைக்கு அனுப்பினார்கள். ஃபேக்டரி மூடும்வரை பதினோரு வருடம் பெட்டி கட்டினேன். தேவாலயத்தில் பாட்டுப் பாட எழுந்து நின்றால்கூடப் பின்னால் இருந்து யாராவது, "பாத்தும்மா, தரை தாங்காது" என்பார்கள்.

பலகைக்கு வருகிறேன். பிரஷ் முடி விரிந்து நிற்க வேண்டும். அதற்காகத்தான் அந்த மிஷினின் மேஜை இரண்டு பக்கமும் சாய்ந்து ஆடுகிறது. உங்கள் குச்சி நேராக நிற்க வேண்டுமென்றால் ஆட்டத்தை நிறுத்துங்கள். மேஜைக்கு அடியில் இடது பக்கம், கையாலேயே திருகுகிற பித்தளைத் திருகு ஒன்று இருக்கிறது. இத்தனை வருடம் எண்ணெய் போட்டவருக்கு இதுகூடத் தெரியவில்லையே!

இதை உங்களுக்காகச் சொல்லவில்லை. அந்த மிஷினைக் கண்டபடி கெடுக்கக் கூடாது, அவ்வளவுதான். அந்தக் கருங்காலிக் கட்டையை இன்றே சுவரிலிருந்து இறக்குங்கள்.

பெரில் காட்ஸ்

*

பெக்ஃபீல்டு
1986 ஜூன் 30

கோவக்கார பெரிலுக்கு,

உறை மேல வெறும் பெரில்னு போட்டிருக்கேன், திருப்தியா? கட்டைய இறக்கல. ஆனா சுவத்தப் பாக்கத் திருப்பி மாட்டிட்டேன். பாதி வழிக்கு வந்திருக்கேன்ல.

பித்தளைத் திருகு! தாயே, அது எதுக்குன்னு எனக்குத் தெரியாமலே இருந்திருக்கு. திருகினேன், மேஜை கம்முனு நின்னுடுச்சு. நம்ம பிரஷ் கட்டைக்குப் போட்ட அதே பீச் மரத்துல ஆறு பலகை போட்டேன். குச்சியெல்லாம் ராணிக்கு முன்னாடி நிக்கிற சிப்பாய் மாதிரி நிக்குது.

மிச்சம் ஆறுக்கு நல்ல மரம் வேணும்னு பேராசை. ஷெரிங்ஹம் கடற்கரையில அலைத்தடுப்புக் கம்பங்களப் பிடுங்கிப் போட்டாங்கல்ல, அதுல நாலு துண்டு தள்ளிட்டு வந்தேன். முப்பது வருஷம் கடல்ல நின்னும் ஒரு புழு தொடல. அறுத்தா உள்ள தங்கப் பச்சை. மரமா அது, இரும்பு! ரம்பம் ரெண்டு பல்லைக் காணிக்கையா குடுத்துட்டு வந்துச்சு.

வம்பு என்னன்னா, அந்த மரத்துல மொதப் பாதி சரியா வருது, போகப்போக ஆழம் கூடிக்கிட்டே போயி, கடைசி வரிசையில பின்பக்கம் கிழிச்சுக்கிட்டு வந்துடுது. மூணு பலகை போச்சு. ஒவ்வொண்ணுக்கும் ஆழத்த மறுபடி திருத்தி வச்சுத்தான் ஆரம்பிக்கிறேன். அப்பவும் அதே கதைதான்.

அக்டோபர் மொத சனிக்கிழமை நம்ம ஃபேக்டரி ஆளுங்க விருந்து வருது. நீதான் அஞ்சு வருஷமா வரதே இல்ல. நான் பூட்ஸுல செங்கல்லைக் கட்டிக்கிட்டுப் பெடல் மிதிக்கிற மாதிரி நடிக்கிறப்ப சனங்க சிரிச்சே பன்றிக்கறி வடையத் துப்புதுங்க. வந்து பாரேன்.

கிளிஃப்

*

கிரிம்ஸ்பி
1986 ஜூலை 4

திரு. டாக் அவர்களுக்கு,

அந்தச் செங்கல் நடிப்பைப் பார்த்துவிட்டுத்தான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனேன். அது உங்கள் கண்ணில் படவேயில்லை போலிருக்கிறது.

கிழிவதற்குக் காரணம் நான்கு இருக்கலாம். டிரில் பிட் பிடியிலிருந்து நழுவி வெளியே வரலாம். ஆரம்பத்திலும் முடிவிலும் அளந்து பாருங்கள். பிட் மழுங்கியிருக்கலாம், மழுங்கினால் நாம் அதிகம் அழுத்துவோம். பலகை மேஜையில் சரியாகப் படியாமல் தூக்கிக்கொண்டு இருக்கலாம், அடியில் தூசி சேர விடாதீர்கள். நான்காவது, கால். பெடலை மிதித்து இடிக்காதீர்கள். ஆழத்தை நிறுத்துகிற தடுப்பு எங்கே தட்டுகிறதோ அங்கே காலை எடுத்துவிட வேண்டும்.

கடைசி வரியை எழுதும்போது எனக்குக் கை கூசியது. நீங்கள் பப்பில் படித்துக் காட்டிச் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள். மற்ற மூன்றையும் சரி பார்த்து எழுதுங்கள்.

பெரில் காட்ஸ்

*

பெக்ஃபீல்டு
1986 ஜூலை 21

பெரில் வாத்தியாரம்மாவுக்கு,

பப்புல படிச்சுக் காட்டலாம்னுதான் இருந்தேன், கண்ணாடிய வீட்டுலயே மறந்துட்டேன். பொழச்சுப் போ.

நீ சொன்னதெல்லாம் செஞ்சேன். பிட்டை அளந்தேன், முடி அளவுகூட நகரல. சாணை புடிச்சேன், மூக்கு மயிர வெட்டலாம், அவ்வளவு கூர். தூசிய என் தொப்பியாலயே தட்டினேன். அப்புறம் கால். கேளு இத. கட்டைவிரல் வீங்கி பூட்ஸே ஏறல. கம்பளிச் செருப்புப் போட்டுக்கிட்டு, தொட்டிலாட்டுற மாதிரி மிதிச்சேன். என் ஒடம்பு உனக்குத் தெரியும், காத்தடிச்சா வேலியைப் புடிச்சுக்கிற ஆளு. அப்பவும் நூத்திப் பத்தாவது துளையில கிழிஞ்சு போச்சு!

என்னடி இது, உன் ஆவி அந்தப் பெடலுக்குள்ளயே உக்காந்திருக்கா? நீ உசுரோட இருக்கறப்பவே ஆவிய எப்படி அனுப்பின?

கிளிஃப்

*

கிரிம்ஸ்பி
1986 ஜூலை 24

கிளிஃபர்டு,

நீ எழுதியதை நீயே மறுபடி படி. "மொதப் பாதி சரியா வருது, போகப்போக ஆழம் கூடிக்கிட்டே போயி, கடைசி வரிசையில பின்பக்கம் கிழிச்சுக்கிட்டு வந்துடுது." போன மாதக் கடிதத்தில் உன் கையெழுத்தில் இருக்கிறது. சேயரிடம் நான் சொன்னதும் இதேதான். அவர் கேட்கவில்லை. நீ கேட்டுவிட்டுச் சிரித்தாய்.

கம்பளிச் செருப்புப் போட்ட நோஞ்சான் காலுக்கே கிழிகிறதென்றால் அன்றைக்குக் கிழித்தது யார் கால்? சொல்!

நேற்று முழுக்க உன் கடிதங்களையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். ஹில்டா மீன் பொரித்துக் கொடுத்தாள், தொடக்கூட முடியவில்லை. பீச் மரத்தில் வராத கோளாறு இரும்பு மாதிரியான மரத்தில் மட்டும் வருகிறது. அந்த நாளுக்கு முன்னால் பீச் கட்டை பத்தாயிரம் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. கருங்காலி வந்ததும் கிழிந்தது. கெட்டி மரத்தில் பெடலை எவ்வளவு பூப்போல மிதித்தாலும் தடுப்பின் மேல் பாரம் விழும். தடுப்பு அசையாமல் நிற்க வேண்டும். அது நிற்கவில்லை. அன்றும் நிற்கவில்லை, இன்றும் நிற்கவில்லை.

தடுப்புக்குப் பின்னால் ஒரு சின்ன மூடி இருக்கிறது. எங்களைத் திறக்க விட மாட்டார்கள், ஃபிட்டர் மட்டும்தான் திறக்கலாம். அதாவது நீ மட்டும்தான். உள்ளே தடுப்பைத் தாங்கிப் பிடிக்க, பென்சில் கனத்துக்கு ஒரு உருக்கு முளை இருக்க வேண்டும். திற. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரே ஒரு வரி எழுது. வேறு கதை வேண்டாம்.

பெரில்

*

(தபால் அட்டை)
கிரிம்ஸ்பி, ஆகஸ்ட் 16

மூன்று வாரம் ஆகிவிட்டது. திறந்துவிட்டாய் என்று எனக்குத் தெரியும். இல்லையென்றால் இதற்குள் நாலு நக்கல் கடிதம் வந்திருக்கும். உள்ளே என்ன இருந்தது?
பெ.கா.

*

பெக்ஃபீல்டு
1986 ஆகஸ்ட் 20

பெரிலுக்கு,

ஆணி.

நாலு அங்குலக் கம்பி ஆணி, தலைய அறுத்தது. வாழைப்பழம் மாதிரி வளஞ்சு கெடக்கு.

நீ ஒரு வரிதான் கேட்ட. எழுதிட்டேன். ஆனா அதோட விட்டா எனக்குத் தூக்கம் வராது, மூணு வாரமா வரல.

அந்த ஆணிய வச்சது நான்தான். அறுபத்தொம்போது ஜூன்ல ஒரு வெள்ளிக்கிழமை. முளை ஒடஞ்சு போச்சு. ஸ்டோர்ல வேற இல்ல, மிஷின் கம்பெனியில இருந்து வர மூணு வாரம் ஆகும்னான். மறுநாள் காலையில ஆறு மணிக்கு யார்மவுத் உல்லாசப் பயணத்துக்கு பஸ்ஸு. எனக்குச் சீக்கிரம் போகணும், தொப்பி வாங்கணும். பீச் கட்டைதானே, திங்கக்கிழமை வரைக்கும் தாங்கும்னு ஆணிய அறுத்துச் சொருகிட்டேன். திங்கக்கிழமை எனக்கு வெயில்ல முதுகு உரிஞ்சு போயி லீவு. செவ்வாக்கிழமை மறந்துட்டேன்.

நீ ஒண்ணு கேப்ப, கேக்காமயே சொல்லிடுறேன். சேயர் எல்லார் முன்னாடியும் என்னைக் கேட்டப்ப ஆணி ஞாபகம் வந்துச்சான்னு. கேட்டப்ப வரல, சத்தியமா. நாக்கு முந்திக்கிச்சு, சனங்க சிரிச்சாங்க. சிரிப்பு அடங்குறதுக்குள்ள வந்துச்சு. வாயத் தொறந்தேன், பெரில். ஆனா அந்த மாதிரி ஒரு சிரிப்பு எனக்கு அதுக்கு முன்னாடி கெடச்சதில்ல. மேஸ்திரிகூட சிரிச்சாரு. வாய மூடிக்கிட்டேன்.

அன்னைக்கு சாயங்காலம் ஆழத்த மட்டும் திருத்தி வச்சேன். மறுநாள் பீச் கட்டை போட்டாங்க, நல்லா ஓடுச்சு. அதனால உன் கால்தான்னு முடிவாயிடுச்சு. முளைய மாத்திட்டேன்னு நானே நெனச்சுக்கிட்டேன். வருஷம் போகப்போக மாத்தினது கண்ணுலயே தெரிஞ்சுது. அந்தத் தைரியத்துலதான் உன்கிட்ட யோசனை கேட்டு எழுதினேன் பாரு, என் புத்திசாலித்தனத்த!

கருங்காலிக் கட்டைய இறக்கிட்டேன். அத என்ன பண்ணணும்னு நீயே சொல்லு. ஆணிய மறுபடி அதே எடத்துல வச்சு மூடிட்டேன், கையில வச்சுக்கப் புடிக்கல. நானே எங்கயாவது போயி எல்லார்கிட்டயும் சொல்லணும்னா சொல்றேன். மன்னிச்சுக்கோன்னு எழுதி மூணு தாளைக் கிழிச்சுட்டேன். அந்த வார்த்தைய நான் எழுதினா எனக்கே நக்கலாத் தெரியுது.

கிளிஃபர்டு டாக்

*

கிரிம்ஸ்பி
1986 ஆகஸ்ட் 25

கிளிஃபர்டு,

ஒரு தொப்பிக்காக! உட்கார்ந்து எழுத எனக்கு நான்கு நாள் பிடித்தது. ஹில்டா உன்னைப் பற்றிச் சொன்னதை எழுதினால் தபாலில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

உன் மன்னிப்பு எனக்கு வேண்டாம். என்னைப் பார்த்துச் சிரித்தது ஒரு ஆள் இல்லை, ஒரு ஊர். நீ தனியாகக் கடிதத்தில் அழுதால் அது எனக்கு எப்படி ஈடாகும்? நீ எழுந்து நின்று சொன்னாலும் நம்ப மாட்டார்கள். "கிளிஃப் புது நடிப்பு ஒண்ணு கொண்டு வந்திருக்கான்" என்று கைதட்டுவார்கள். உன் வாயால் ஆனதை உன் வாயால் அழிக்க முடியாது. மிஷின்தான் பேச வேண்டும்.

ஆகவே கேள். ஆணியைத் தொடாதே. நிமிர்த்தாதே. வளைந்தபடியே இருக்கட்டும். அக்டோபர் நான்காம் தேதி விருந்துக்கு மிஷினைக் கொண்டு வா. கரி வியாபாரி லாரி தருவார். வீட்டு பிளக்கில் ஓடுகிறது என்று பீற்றிக்கொண்டாயே, விருந்து நடக்கும் தேவாலயக் கூடத்திலும் பிளக் இருக்கிறது. கடல் மரத்தில் ஒரு பலகை அறுத்து வை. ஆழத்தை அளந்து வைப்பது நான். பெடல் மிதிப்பது நீயும் இல்லை, நானும் இல்லை. சேயர். எண்பது வயது, கைத்தடி ஊன்றி நடக்கிறார் என்று கேள்வி. அவர் கால் மிதிக்கட்டும்.

பதினொன்று நாற்பது ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வந்து என் பையைத் தூக்கு. அந்தக் கருங்காலிக் கட்டையைக் கொண்டு வா.

பெரில்

*

பெக்ஃபீல்டு
1986 அக்டோபர் 19

திருமதி. பெரில் காட்ஸ் அவர்களுக்கு,

உறை மேலயும் இப்படித்தான் முழுசா எழுதியிருக்கேன், தபால்காரரக் கேட்டுக்கோ.

எனக்கு நியாயம் வேணும். இது அநியாயம்!

சேயர் மிதிச்சு தொண்ணூத்தஞ்சாவது துளையில பலகை படார்னு கிழிஞ்சப்ப, கூடமே எழுந்து நின்னு எட்டிப் பாத்துச்சு. சரி, அது நியாயம். கெழவர் கைத்தடிய மேஜைமேல போட்டுட்டு, "என் கால் என்ன இரும்பாடா?"ன்னு என்னைக் கேட்டாரு. அதுவும் நியாயம். நீ மூடியத் தொறந்து ஆணிய இடுக்கியால எடுத்து எல்லார் தட்டுக்கும் முன்னாடி கொண்டு போயிக் காட்டினப்ப, நான் எங்க பாக்கறதுன்னு தெரியாம ஊறுகாய் வெங்காயத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். யாரு வச்சதுன்னு சேயர் கேட்டப்ப, தொப்பி, திங்கக்கிழமைன்னு எல்லாத்தையும் நானே ஒப்பிச்சேன். கருங்காலிக் கட்டைய சேயர் கையில குடுத்துட்டு உக்காந்து சாப்பிட்ட. கேக்கை ரெண்டு தடவ வாங்கிக்கிட்ட, நான் பாத்தேன்.

அதோட முடிஞ்சிருக்கலாம்ல? இல்லையே! அந்த வாரமே கறிக்கடையில அந்தப் பொண்ணு, இருபது வயசு இருக்குமா, "என்ன ஆணி டாக், ரெண்டு துண்டு போதுமா?"ங்கிறா. பஸ்ஸுல ஏறினா கண்டக்டர், "ஆணி, திங்கக்கிழமை தரேன்னு சொல்லாத, சீட்டை இப்பவே எடு"ங்கிறான். பாதிரியார் பிரசங்கத்துல ஆணின்னு ஒரு வார்த்தை வந்ததுக்கு மொத்த தேவாலயமும் திரும்பிப் பாத்துச்சு. "மூணு வாத்து"காரன் அந்த வளஞ்ச ஆணியக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கிரிபேஜ் மேஜைக்கு நேர் மேல மாட்டி வச்சிருக்கான். கீழ என் பேரு! சட்டம் போட்ட மரமும் நான் குடுத்த மரம்தான்.

எனக்கு எழுபத்திநாலு வயசு. இந்தப் பேரோட என்னைக் குழியில போடப் போறாங்க. உன்னாலதான் ஆரம்பிச்சுது, நீ ஒரு வார்த்தை சொன்னா நிறுத்துவாங்க. சேயருக்கு ஒரு கடிதம் போடேன், தாயே.

புதுசா உருக்கு முளை கடைஞ்சு போட்டுட்டேன், நிஜமாவே போட்டுட்டேன். கடல் மரத்துல ஆறு பலகையும் கிழியாம வந்துடுச்சு. ஏழாவதா ஒண்ணு போட்டு உனக்கு அனுப்பியிருக்கேன்.

கிளிஃபர்டு

*

கிரிம்ஸ்பி
1986 அக்டோபர் 23

அன்புள்ள ஆணி,

பலகை வந்தது. நூற்றிருபது துளையையும் கம்பி விட்டு அளந்து பார்த்தேன். ஆழம் ஒன்றுபோல இருக்கிறது. குச்சி நேராக நிற்கிறது. ஹில்டாவை நேற்று மூன்று ஆட்டம் ஜெயித்தேன்.

சேயருக்குக் கடிதம் போட மாட்டேன். கறிக்கடைப் பெண்ணுக்கும் போட மாட்டேன். எனக்கு அந்தப் பெயர் பதினேழு வருடம் இருந்தது. உனக்குப் பதினைந்து நாள்தான் ஆகியிருக்கிறது. அதற்குள் நியாயம் கேட்கிறாய்.

2003 அக்டோபரில் எழுது. அப்போது யோசிக்கலாம். உனக்குத் தொண்ணூற்றொன்று ஆகியிருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள், அந்தக் கட்டைவிரலுக்கு வைத்தியம் பண்ணு. பாதியில் செத்துத் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே.

பெரில் காட்ஸ்